பொடக்காலியில் மெக்சிகோ

ஜூலை 4, வெள்ளி

நாச்சிமுத்து ஆகிய நான், வயது ஐம்பத்தெட்டு, நாமக்கல் தீவன ஆலைகளுக்கு மக்காச்சோளம் வாங்கிக் கொடுக்கும் தரகன், கிழக்கே பார்த்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானையெல்லாம் போட்டுக்கொண்டு, சத்தியம் செய்து சொல்கிறேன்: இனி இந்தப் பக்கங்களில் நான் எழுதப் போவதை ஒரு மனிதப் பிறவியும் நம்பப் போவதில்லை. கட்டியவள் கலாமணி இப்போதே நம்பவில்லை. இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லையே என்றேன். “நீங்க பேனாவத் தொறந்தாலே போதுங்” என்றாள்.

இது கோழி மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் ஒரு கோழி நின்று என்னையே பார்க்கிறது. ஜனவரியிலிருந்து நேற்றுவரை வெற்றுப் பக்கம். எழுதும்படி உலகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இன்று நடந்துவிட்டது.

பக்கத்து வீடு என் அக்கா ராஜாமணியுடையது. நடுவில் இடுப்புயர மதில். அக்காவுக்கு ஒரே மகள் வினோதினி. கார் பாகம் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். இரண்டு வருடம் மெக்சிகோவில் கெரெத்தரோ என்ற ஊரில் வேலை பார்த்துவிட்டு ஏப்ரலில் திரும்பினாள். இப்போது கம்பெனி மறுபடி கூப்பிடுகிறது. வருகிறாயா இல்லையா, பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல் என்கிறார்கள். வினோவுக்குப் போக ஆசை. அக்கா வாயை மூடிக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து மகளோடு ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு மட்டும் தட்டில் விழுகிறது, ‘ணங்’ என்று.

காலையில் மதில் பக்கம் வந்து என்னிடம் கொட்டித் தீர்த்தாள். “போறப்பப் பூசணிக்காயாட்டப் போனா, வர்றப்ப முருங்கக்காயாட்ட வந்து நிக்கறா. ரெண்டு வருசத்துல ஒருத்தராச்சும் ‘தின்னயா கண்ணு’ன்னு கேட்டிருப்பாங்களாடா? நீதான் அவளை எப்படியாச்சும் நிறுத்தோணும்.”

அக்கா கேட்டு நான் இல்லையென்றதில்லை. மச்சான் காலமானதிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டதுமில்லை.

மருமகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து நேராகவே கேட்டேன். “அம்மணி, உள்ளதச் சொல்லு. நாமக்கல்லுல இல்லாதது அந்த ஊர்ல என்ன கெடக்குது?”

கொஞ்ச நேரம் முருங்கை மரத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “சுட்ட மக்காச்சோளம், மாமா.”

நான் சிரித்த சிரிப்பில் அந்த மரத்துக் காக்கைகள் கிளம்பி சேலம் வரைக்கும் போய்த்தான் உட்கார்ந்தன. மக்காச்சோளம்! என்னிடம்! என் கை படாத சோளத்தை இந்த ஜில்லாவில் ஒரு கோழி கொத்தியதில்லை. என் வண்டிச் சத்தம் கேட்டால் பண்ணைக் கோழிகள் எழுந்து நின்று, கழுத்தைச் சாய்த்து, அதன்பிறகுதான் முட்டையிடும்.

அது எப்படி இருக்கும் என்று விளக்கினாள். கரியில் சுட்ட கதிர். மேலே வெண்ணெய்போல ஒரு வெள்ளைக் குழம்பைப் பூசுவார்களாம். அதன்மேல் உதிர்த்த உப்புச் சீஸ், மிளகாய்த்தூள், ஒரு பிழி எலுமிச்சை. வேலை முடிந்து ஃபேக்டரி வாசலுக்கு வந்தால் தள்ளுவண்டியோடு லூப்பே என்று ஓர் அம்மாள் நிற்பாளாம். ரோட்டிலேயே நின்று இரண்டு கையாலும் பிடித்துத் தின்ன வேண்டுமாம்.

அப்போதுதான் என் மூளையில் மின்னல் அடித்தது. மெக்சிகோவையே நாமக்கல்லில் இறக்கிவிட்டால் இவள் மெக்சிகோவுக்குப் போவானேன்?

“நம்மூட்டுப் பொடக்காலிலயே சுட்டுப்போடலாம் அம்மணி.” பொடக்காலி என்றால் வீட்டுப் பின்புறம். பாத்திரம் கழுவுவோம், துணி துவைப்போம். இனி அது ஒரு நாடு.

“செய்யலாம் மாமா, நானும் கூட நிக்கறேன். ஆனா ஒண்ணு, அம்மாவும் திங்கோணும்.”

“அவ இல்லாமயா?”

கையைப் பிடித்துக் குலுக்கினாள். கண்ணெல்லாம் பளபளவென்றிருந்தது. நிறுத்தப்படுகிறவளுக்கு இவ்வளவு உற்சாகம் ஆகாதே என்று ஒரு கணம் தோன்றியது. பெரிய திட்டம் போடுகிறவன் சின்ன விஷயங்களைக் கவனித்துக்கொண்டிருக்க முடியாது.

ஜூலை 5, சனி

உலகத்தில் சோளத்தைப் பல்லால் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பேன். டக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு, லாரியில் ஏற்றலாம். நசுங்கினால் ஈரம், வந்த வழியே திருப்பு. ஈரம் அளக்கும் மெஷின் வந்த பிறகும் ஆலைக்காரர்கள் மெஷினைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

விடிந்ததும் ராசிபுரம் பக்கம் ஒரு களத்துக்குப் போய், காய்ந்துகொண்டிருந்த குவியலைச் சுற்றி மாப்பிள்ளை பார்ப்பதுபோல் மூன்று சுற்று வந்து, கடித்துக் கடித்து ஒரு டஜன் கதிர் எடுத்தேன். எல்லாம் தங்கக் கட்டி. மணிக்கு மணி ‘டக்.’

பொடக்காலியில் மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டிக் கதிர்களை வரிசையாக அடுக்கினேன். வினோ என்னமோ சொல்ல வாயெடுத்தாள். கையைக் காட்டி அடக்கினேன்.

அடுத்து நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முதல் கதிர் வெடித்தது. இரண்டாவது பதில் சொன்னது. மணிகள் நாலு திசையும் பறந்தன. ஒன்று தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் பட்டுப் பாதி ஊருக்குக் கரண்ட் போனது. புகை மேலே ஏறி, கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கிற நம் ஆஞ்சநேயர் மூக்கைச் சுருக்கினார் என்று அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

கலாமணி கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினாள். “ஏனுங், தீவாளிக்கு இன்னம் மூணு மாசம் கெடக்குதுங்களே!”

மதிலுக்கு மேலே அக்காவின் தலை. “என்னடா அங்க?”

“ஆராய்ச்சி, அக்கா.”

“வீட்டக் கொளுத்தாம ஆராய்ச்சி பண்ணு.”

வினோ தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் மூச்சு வாங்கியது. “மாமா, இது கோழிக்கு! மனுசன் திங்கறதுக்குக் கதிருல பால் இருக்கோணும். ஈரமா, புடுங்குன அன்னைக்கே சுடோணும்.”

ஈரமா! முப்பது வருடமாக ஈரச் சோளத்தை லாரி லாரியாகத் திருப்பி அனுப்பியவன் நான். தொழில் கௌரவத்தைக் காப்பாற்ற, சுட்டதில் ஒரு கதிரை எடுத்து எல்லோரும் பார்க்க ஒரே கடியாகக் கடித்தேன்.

டக்கென்று சத்தம் வந்தது. சோளத்திலிருந்து அல்ல.

ஜூலை 6, ஞாயிறு

கன்னம் வீங்கிவிட்டது. கஞ்சி. கலாமணி சிரித்தாள்.

ஜூலை 7, திங்கள்

வீக்கம் வடிந்தது. படையெடுப்பு மறுபடி தொடங்கியது.

உழவர் சந்தைக்கு வினோவையும் கூட்டிப் போனேன். அவள் தோகையை லேசாக விலக்கி நகத்தால் ஒரு மணியை அழுத்திக் காட்டினாள். பால் பீச்சியது. என் சட்டையில் பட்டது. சந்தையில் நாலு பேருக்கு என்னைத் தெரியும். நாச்சிமுத்து பால் பிடித்த சோளத்தைக் காசு கொடுத்து வாங்குகிறான் என்ற செய்தி நான் வீட்டுக்கு வருமுன் ஆலைகளுக்குப் போயிருக்கும். போகட்டும். வீரனுக்கு இதெல்லாம் சகஜம்.

கரிக்கு, தெருமுனையில் இஸ்திரி போடும் மாரியப்பனிடம் போனேன். அவன் பெட்டிக்குப் போடுவது நல்ல கொட்டாங்குச்சிக் கரி. ஒரு கூடை கேட்டேன்.

“என்னத்துக்குங்?”

“மெக்சிகோ சோளம் சுடறதுக்கு.”

“அதெப்படிங் இருக்கும்?”

சொன்னேன். கரி, கதிர், மிளகாய்த்தூள், எலுமிச்சம்பழம். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தான். “கொல்லிமலை அடிவாரத்துல வண்டி நிறுத்தித் திங்கறமே, அதுதானுங்களே இது? அதுக்கு ஏனுங் மெக்சிகோ?”

இந்தக் கேள்வியைத் தெருவில் இதுவரை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். ஒரு பெரிய கண்டுபிடிப்பாளனை அவன் காலத்தவர்கள் எப்படி வதைப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. “அதுக்கு மேல வெள்ளையடிப்பாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையோடு திரும்பினேன்.

சாயங்காலம் ஒரு சோதனைச் சுடல். பட்டறையில் நாலு இரும்புக் கம்பியைச் சட்டம்போல ஒட்டவைத்துக் கொண்டுவந்திருந்தேன். தோகையைப் பின்னால் மடித்துக் கட்டி, அதையே பிடியாக வைத்துக்கொண்டு, வினோ கதிரை மெல்ல உருட்டினாள். மணிகள் மஞ்சளிலிருந்து பொன்னாகி, அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்து, உள்ளிருக்கும் பால் ‘உஸ்’ஸென்று கொதித்தது. அந்த வாசனை! பூனைகள் ஊர்வலமாக வந்தன. முன்னால் வந்த பூனை கையில் தட்டு வைத்திருந்தது என்று எழுதினால் கலாமணி இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரமாக ஒரே துணியை எடுத்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று வெள்ளைக் குழம்பு.

வினோ சொன்னாள்: அங்கே மயோனைஸும் புளித்த பாலேடும் கலப்பார்கள். பச்சை முட்டை வேண்டாம், தயிரை மட்டும் வடிகட்டிச் செய்யலாம். எனக்கு ரத்தம் கொதித்தது. முட்டை இல்லாமலா? நாமக்கல்லிலா? இந்த ஊரில் முட்டையை விட்டுவிட்டுக் குழம்பு செய்தோம் என்று வெளியே தெரிந்தால் லாரிகள் ஹாரன் அடிக்காது. “பச்ச முட்ட வேண்டாம்னா வேவ வெச்சதப் போடு” என்று நானே ஒரு வழி கண்டேன். வெந்த மஞ்சள்கருவை மிக்சியில் போட்டு, செக்குக் கடலை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எலுமிச்சை, பூண்டு, கெட்டித் தயிர். வழவழவென்று திரண்டு வந்தது. கடலை எண்ணெய் வாசம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மெக்சிகோ, எண்ணெய் ஆலைகள் நிறைந்த காங்கேயம் வழியாக வந்து சேர்ந்த மாதிரி.

வினோ விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். “அது இல்ல மாமா. ஆனா இது நல்லாருக்குது.”

அடுத்தது சீஸ். காய்ந்ததாக, உப்பாக, உதிர்கிறதாக இருக்க வேண்டும். பனீரில் உப்புப் போட்டு, துணியில் கட்டி, தண்ணீர் வடிய மேலே பாரம் வைக்கச் சொன்னாள். நான் அரை மூட்டை கோழித் தீவனத்தைத் தூக்கி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் பனீர் ஒரு கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு வந்திருந்தது. இரண்டாம் தடவை கலாமணி செய்தாள். பாரம் அம்மிக் குழவி. சரியாக வந்தது. பெண்களுக்கு அதிர்ஷ்டம் அதிகம்.

அக்கா மதிலோரம் வந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். “அதென்னடா, சுண்ணாம்பா?”

“சோளத்துக்குப் பூசறதுக்கு அக்கா.”

“சோளத்துக்கு வெள்ளையடிக்கற ஊருக்கு இவ போகோணுமாக்கும்!”

என்னிடம் சொன்னாளே தவிரக் கண் மகள் மேல் இருந்தது. வினோ கரண்டியைக் கழுவிக்கொண்டே, “மாமா, ருசி பாக்கச் சொல்லுங்க உங்க அக்காவ” என்றாள்.

“எனக்கு வேண்டாம்னு சொல்லு உன்ற மருமகளுக்கு.”

இருவருக்கும் நடுவே நாலடிகூட இல்லை.

ஜூலை 9, புதன்

மழை. கரி நனைந்துவிட்டது. மெக்சிகோ ஒத்திவைப்பு.

ஜூலை 10, வியாழன்

காலையில் மதில்மேல் ஒரு பாட்டில் நின்றது. அக்கா கையால் வறுத்து இடித்த வரமிளகாய்த் தூள். யார் வைத்தது என்று கேட்டால், “பூன வெச்சிருக்கும்” என்றாள். அந்தத் தூளைப் பற்றி ஊருக்கே தெரியும். ஒருமுறை மூடியைத் திறந்தபோது ஈரோடு போகிற பஸ்ஸில் கண்டக்டர் தும்மினார்.

சாயங்காலம் முதல்முறையாக முழு வேடத்தில் ஒரு கதிர். குழம்பு, சீஸ், தூள், எலுமிச்சை. நானும் கலாமணியும் ஆளுக்குப் பாதி. கலாமணி தின்று முடித்து, வெறும் தக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னொண்ணு சுடுங்” என்றாள். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் நான் செய்த எதற்கும் அவள் இன்னொன்று கேட்டதில்லை.

அக்கா இன்று துணி எடுக்கிற பாவனைகூடச் செய்யவில்லை. ஸ்டூலை மதிலோரம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“டேய், கேளு. அந்த வண்டிக்காரம்மா எந்நேரம் வருவான்னு.”

“அம்மணி, அந்த அம்மா எந்நேரம்…”

“அஞ்சு மணிக்குன்னு சொல்லுங்க மாமா. நாங்க வெளிய வர்றப்ப.”

“அக்கா, அஞ்சு…”

“கேட்டுது. அவளுக்குக் குடும்பங் குட்டி இருக்குதான்னு கேளு.”

நான் டெலிபோன் கம்பியாகிவிட்டேன். இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு. கழுத்து சுளுக்கிக்கொண்டது. கையில் விசிறி வேறு. வாயைத் திறக்குமுன் பதில் வந்துவிடுகிறது, ஆனாலும் நான் நடுவில் இருக்க வேண்டும்.

“மூணு பசங்க. பெரியவன் லாரி ஓட்டறான்.”

“அங்கயும் லாரிதானா!” என்றாள் அக்கா, என்னைப் பார்த்து. “ஒடம்புக்கு முடியாமப் போனா யாரு பாத்தான்னு கேளு.”

வினோ கதிரை ஒரு சுற்று உருட்டினாள்.

“போன வருசம் காய்ச்சல்ல ஒரு வாரம் படுத்துட்டேன் மாமா. அம்மாகிட்டச் சொல்லல. ரெண்டு நாள் வண்டிகிட்ட என்னையக் காணம்னு லூப்பேம்மா விசாரிச்சிட்டு ரூமுக்கே வந்துட்டாங்க. சோளத்த உதுத்து, தண்ணியா வேவ வெச்சு, டம்ளர்ல ஊத்தி, ஸ்பூன்ல எடுத்து… நான் குடிக்கற வரைக்கும் எந்திரிச்சுப் போவல. ‘யா கொமிஸ்தே’ம்பாங்க. டெய்லி வண்டிகிட்டப் போனா மொதல்ல அதான் கேப்பாங்க.”

“அப்படின்னா?”

கேட்டது நான் இல்லை. அக்கா. ஆனால் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“தின்னயான்னு அர்த்தம், மாமா.”

அக்கா ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கரி அணைந்துகொண்டிருந்ததால் நான் விசிறுவதில் கவனமாக இருந்தேன். மற்றபடி குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வெற்றி நெருங்குகிறது!

காலையில் வினோ மொட்டைமாடியில் போனில் ஸ்பானிஷ் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆந்திர லாரிக்காரர்களோடு முப்பது வருடம் பழகியவனுக்கு எந்தப் பாஷையும் பாஷையே இல்லை. அவள் சிரித்துச் சிரித்துப் பேசியதிலிருந்து, ‘மன்னிக்கவும், நான் வரமுடியாது, என் மாமாவின் சோளம் உங்கள் சோளத்தைவிட மேல்’ என்றுதான் சொல்கிறாள் என்று முடிவுக்கு வந்தேன்.

அவள் அறையில் பெட்டி திறந்து கிடந்தது. பாதித் துணி உள்ளே, பாதி கட்டிலில். ஏப்ரலில் கொண்டுவந்ததை இப்போதுதான் வெளியே எடுத்து அடுக்குகிறாள் போலிருக்கிறது. நல்ல பெண். கொஞ்சம் மெதுவு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விருந்து என்று அறிவித்தேன். அக்கா வருவதாக ஒப்புக்கொண்டாள்! “கேட்டைச் சுத்திக்கிட்டு வாசல் வழியா வர்றேன். ஒரம்பரையாட்ட வந்தா ஒரம்பரையாட்டக் கவனிக்கோணும்” என்றாள். விருந்தாளியாக வருகிறாளாம், எட்டு வயது வரை என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள்.

கதிர் ஐம்பது சொல்லிவிடவா என்று கேட்டேன். “பத்துப் போதுங்” என்றாள் கலாமணி.

ஜூலை 12, சனி

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கலாமணி கேட்டாள்: “ஏனுங், வினோ போகக்கூடாதுன்னு நாத்தனாரு ஏனுங் சொன்னாங்க?”

“அங்க அவளை ஒருத்தரும் தின்னயான்னு கேக்க மாட்டாங்கன்னு.”

“இப்பக் கேக்கறாங்கன்னு தெரிஞ்சுபோச்சுங்களே.”

“தெரிஞ்சா?”

“அப்ப நாளைக்கு நீங்க யாருக்கு அடுப்பு மூட்டறீங்?”

இந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை என்று முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்த வரியை மேலேயிருக்கிற கோழி பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஏமாந்துவிட்டேன்! நாமக்கல் ஜில்லாவில் இதுவரை யாரும் என்னை ஏமாற்றியதில்லை. வியாபாரிகள், லாரிக்காரர்கள், மூட்டைக்கு அடியில் மண்ணைக் கலக்கிறவர்கள் எல்லோரும் முயன்று தோற்றவர்கள். இருபத்தொன்பது வயதுப் பெண், சொந்த மருமகள், என் கையாலேயே கரி போட்டு, என் விசிறியாலேயே விசிறி, அவள் அம்மாவின் மனதை இளக்கிக்கொண்டிருக்கிறாள். ‘அம்மாவும் திங்கோணும்’ என்று முதல் நாளே என் முகத்துக்கு நேரே சொன்னாள். ஒளிக்கக்கூட இல்லை.

உடம்பெல்லாம் பெருமை. யார் மருமகள்!

அப்புறம் சோறு இறங்கவில்லை. பல் வலியாக இருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

மாலை நாலரைக்கு அக்கா ஒரம்பரையாக வந்தாள். பட்டுக்கரைச் சேலை, தலையில் பூ, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கலாமணி சொம்பில் தண்ணீர் கொடுத்து “வாங்க” என்றாள். பொடக்காலியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மாரியப்பனும் வந்து மதிலோரம் நின்றுகொண்டான், தன் கரி எப்படி எரிகிறது என்று பார்க்க.

நெருப்பு கனிந்திருந்தது. புகை இல்லை, சுடர் இல்லை, சிவப்பு மட்டும். அக்காவுக்கென்று பொறுக்கிவைத்த கதிரைக் கம்பியில் வைத்தேன். கலாமணி எலுமிச்சை நறுக்க உள்ளே போனாள். வினோ குழம்புக் கிண்ணத்தை எடுக்கப் போனாள். அக்கா மாரியப்பனிடம் அவன் மகள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கதிரும் நானும் மட்டும்.

பால் சோளம் கரியில் ஒரு நிமிஷம் திரும்பாமல் கிடந்தால் போதும். ஒரு பக்கம் கரியாகிக் கசக்கும். கசந்தால் அக்கா துப்புவாள். “இதைத் தின்னுபோட்டா எம்பொண்ணு அங்க இருந்தா?” என்பாள். கதை முடிந்தது. பெட்டித் துணியெல்லாம் பீரோவுக்குத் திரும்பும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கவனக்குறைவு. மாமா எப்போதும் அப்படித்தானே.

அடியில் ‘உஸ்’ஸென்று சத்தம் கேட்டது. நுனியில் ஒரு மணி கறுக்கத் தொடங்கியது.

அந்தக் கணத்தில் மலையடிவாரத்திலிருந்து ஒரு வால் நீண்டு வந்து கதிரைத் திருப்பிப் போட்டது. ஆஞ்சநேயருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கக்கூடாது. அல்லது காற்றடித்தது. அல்லது நானே, நடக்கப் போவதையெல்லாம் தெரிந்துகொண்டு, திருப்பிப் போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நாலு பக்கமும் பொன். வினோ குழம்பைப் பூசி, சீஸ் தூவி, தூளைப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, தோகையைப் பிடித்து நீட்டினாள். அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு கதிரைப் பார்த்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஒரு ஓரமாக, கோழி கொத்துகிற மாதிரி, இரண்டு மணி. நிறுத்தினாள். மறுபடி நாலு மணி. பிறகு எழுந்து நின்றாள். நாற்காலியிலிருந்து எழுந்து, நின்றுகொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, வரிசை வரிசையாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். மூக்கு நுனியில் வெள்ளை. தாடையில் சிவப்பு. பட்டுக்கரையில் சீஸ்.

பாதியில் நிறுத்தி, கதிரை நீட்டி, நேராக மகளைப் பார்த்துச் சொன்னாள்: “வினோ, இன்னஞ் சித்த எலுமிச்சம்பழம் புழி.”

நடுவில் நான் இல்லை. கம்பி அறுந்தது.

வினோ பிழிந்தாள். பாதி என் காலில் விழுந்தது.

தின்று முடித்து, தக்கையை ஓரமாக வைத்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அக்கா கேட்டாள். “ஃபோன்ல என்ன சொன்ன அவிங்ககிட்ட?”

“இன்னம் சொல்லலம்மா. இன்னைக்குள்ள சொல்லோணும். அம்மாவக் கேட்டுச் சொல்றேன்னேன்.”

“புதன்கிழமைக்குள்ள கெளம்பற மாதிரி டிக்கெட் போடச் சொல்லு. வெசாழன் ஆடி பொறந்துருது. ஆடியில நான் தாட்டி உட மாட்டேன், அப்பறம் ஆவணிதான்.” தாட்டி உடுவது என்றால் வழியனுப்பி வைப்பது.

வினோ பாய்ந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். வெள்ளைக் குழம்பு இருவர் முகத்திலும். கலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மிளகாய்த்தூள் பட்டுவிட்டது என்றாள். பட்டும்தான் இருந்தது. ஐயோ, அப்படியொரு கூத்து. மாரியப்பன் எதற்கென்று தெரியாமலே கைதட்டினான். நானும் ஒரு விசிலடித்தேன். அது கொல்லிமலையில் பட்டுத் திரும்பி வந்தபோது அடுத்த கதிரும் வெந்திருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “நிறுத்தச் சொன்னனேடா உன்ன. நீ தாட்டி உடறதுக்கில்ல அடுப்பு மூட்டியிருக்கற!”

“நானா?” என்றேன்.

“வேற யாரு? உனக்கும் ஒண்ணு சுட்டுக்கோ, போ.”

பத்துக் கதிரும் தீர்ந்தது. ஐம்பது சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

வினோ காலையில் கிளம்பினாள். கோயமுத்தூர் போய், அங்கிருந்து இன்னும் இரண்டு விமானம் மாறி. லூப்பே அம்மாளுக்கென்று அக்கா நேற்று சேலம் பக்கம் இளம்பிள்ளையில் நெய்த ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாள், மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. எப்படிக் கட்டுவது என்று வினோ வீடியோ எடுத்துக்கொண்டாள். கரி அடுப்பு முன்னால் கொசுவத்தை எங்கே செருகுவாள் அந்த அம்மாள் என்று எனக்கு ஒரே கவலை.

கார் கிளம்புமுன் வினோ கண்ணாடியை இறக்கி, “மாமா, கோச்சுக்கலியே?” என்றாள்.

“எதுக்கு அம்மணி?”

“தெரியும்ல உங்களுக்கு?”

“எனக்கு ஒண்ணுந் தெரியாது. நான் கோழிக்குச் சோளம் வாங்கற ஆளு.”

சிரித்தாள். கார் திரும்பியது. அக்கா தெருவில் கை காட்டிக்கொண்டே நின்றாள். பிறகு என்னிடம், “தின்னயாடா?” என்று கேட்டாள். இன்னும் இல்லையென்றேன். இட்லி ஊற்றுகிறேன் வா என்று முன்னால் நடந்தாள். மதிலைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தேன். கலாமணி சட்டையைப் பிடித்து இழுத்து, வாசல் வழியாகப் போகச் சொன்னாள்.

மதியம் அவள் இந்த டைரியை எடுத்து ஒரே மூச்சில் படித்துவிட்டாள். “அத்தனையும் பொய்யிங்” என்றாள். சரி. ஒத்துக்கொள்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகத்தான் இருக்கிறது. கண்டக்டர் தும்மவில்லை. கோழிகள் எனக்கு மரியாதை செய்வதில்லை, கொத்தத்தான் வருகின்றன. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, தெலுங்கும் அரைகுறை. ஆஞ்சநேயரின் வால் அவரிடமே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காற்றும் அடிக்கவில்லை.

தெரிந்துதான் திருப்பிப் போட்டேன். அது ஒன்று மட்டும் நிஜம்.